எலெக்ட்ரோஸ்டேட்டிக் ஹெட்ஃபோனுக்கு ஆம்ப்: பழையதைச் சரிசெய்வதா, புதிதாகக் கட்டுவதா?

பழைய ஸ்டாக்ஸ் லாம்ப்டாவோ காஸ் இஎஸ்பி/950-ஓ கைக்கு வந்துவிட்டது. இரண்டும் எலெக்ட்ரோஸ்டேட்டிக் ஹெட்ஃபோன்கள், அதாவது உயர் மின்னழுத்தத்தால் மெல்லிய படலத்தை ஆட்டி ஒலி எழுப்புபவை. சாதாரண ஆம்பில் நேராக ஓடாது. ஓட்ட ஆம்ப் இல்லை, அல்லது கூடவே வந்த ஆம்ப் ஒரு பக்கம் மட்டும் பாடுகிறது. இந்த நிலையில் கேட்பவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். பழைய ஆம்பைச் சரிசெய்யலாமா, டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி போதுமா, இல்லை கேஜிஎஸ்எஸ்எச்வி (டிரான்சிஸ்டர்), ப்ளூ ஹவாய் (கண்ணாடிக் குழல் வால்வு) மாதிரி சர்க்யூட் படம் பார்த்து நாமே செய்யும் ஆம்ப் ஒன்றைக் கட்டிவிடலாமா? இதில் எது நன்றாக ஒலிக்கும்?

அந்தக் கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்வேன். ஒழுங்காகக் கட்டினால் நான்குமே உட்கார்ந்து பாட்டுக் கேட்கத் தகுந்தவைதான். இவற்றைப் பிரிப்பது வேறொன்று: சில வருடம் கழித்து ஒருநாள் அது நின்றுபோகும்போது திறந்து பார்க்க உங்களுக்குத் தெரியுமா, மாற்ற உதிரி கிடைக்குமா. கீழே சொல்வதெல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்ததுதான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் உயிர். இதில் பலரும் தவறான இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஹெட்ஃபோன் படலத்துக்கு எப்போதும் கொடுத்துவைக்கும் நிலையான மின்னழுத்தம்தான் பயஸ். ஸ்டாக்ஸ் புரோ பயஸ் 580 வோல்ட் என்றதும் கை நடுங்குகிறது. ஆனால் அந்த 580 வோல்ட் சுமார் 5 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாகத்தான் வெளியே வருகிறது. தொட்டாலும் அதிகபட்சம் 0.12 மில்லியாம்பியர்தான். ஆளைக் கொல்லக்கூடியது பின்னால் இருக்கும் பவர் சப்ளை. ±450 வோல்ட் சப்ளையில் இரு முனைக்கும் நடுவே 900 வோல்ட். 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று 450 வோல்ட்டில் கிட்டத்தட்ட 47 ஜூல் தேக்கி வைத்திருக்கும். 10 ஜூல் தாண்டினாலே ஆபத்து என்பது பொதுவான கணக்கு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே இருக்கும்.

இரண்டாவது, எத்தனை வோல்ட் வேண்டும். ஸ்டாக்ஸ் எஸ்ஆர்-009 ஹெட்ஃபோனுக்கு 100 வோல்ட் கொடுத்தால் 101 டெசிபல். 300 வோல்ட்டுக்குச் சுமார் 110, 600 வோல்ட்டுக்கு 116. அதாவது 300-லிருந்து 600-க்குப் போக பெட்டி, வெப்பம், செலவு எல்லாம் ஏறுகின்றன. சத்தத்தில் கிடைப்பது 6 டெசிபல்தான். சத்தம் போதவில்லை என்பதற்காக மட்டும் யாரும் பெரிய ஆம்ப் கட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது, மின்னோட்டம். இந்த ஹெட்ஃபோன்கள் மின்சாரத்தைப் பொறுத்தவரை சின்னக் கெப்பாசிட்டர்கள். கேபிளையும் சேர்த்துச் சுமார் 100 பிகோஃபாரட். 1 கிலோஹெர்ட்ஸில் ஒன்றுமே இழுக்காது. 20 கிலோஹெர்ட்ஸில் அதே சுமை 80 கிலோ ஓம் ஆகிவிடும். அங்கே 300 வோல்ட் ஆட வேண்டுமென்றால் 3.8 மில்லியாம்பியர் தேவை. உச்சத்தில் 5-க்கும் மேல். நல்ல ஆம்புக்கும் சுமாரான ஆம்புக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் பெரும்பாலும் இந்தச் சில மில்லியாம்பியரில்தான்.

அப்புறம் உதிரி, வெப்பம், மறைமுகச் செலவு. அவற்றை அந்தந்த வழியிலேயே பார்க்கலாம்.

எந்த வழியில் போனாலும் முதலில் சாக்கெட்டைப் பாருங்கள். ஆறு முனை என்றால் 230 வோல்ட் நார்மல் பயஸ், ஐந்து முனை என்றால் 580 வோல்ட் புரோ. புரோ ஹெட்ஃபோனை ஆறு துளைச் சாக்கெட்டில் செருகினால் ஒன்றும் ஆகாது. பயஸ் குறைவதால் சுமார் 8 டெசிபல் சத்தம் குறையும், அவ்வளவுதான். நார்மல் ஹெட்ஃபோனை அடாப்டர் போட்டு 580 வோல்ட்டில் ஏற்றுவதுதான் விபரீதம். காஸ் 950-இன் பயஸ் 600 வோல்ட். அடாப்டர் இருந்தால் புரோ சாக்கெட்டில் நன்றாகவே ஓடும்.

## முதல் வழி: பழைய ஸ்டாக்ஸ் ஆம்பை வாங்கிச் சரிசெய்வது

எஸ்ஆர்எம்-1 மார்க் 2, எஸ்ஆர்எம்-டி1 இரண்டும் இன்னும் ஜப்பானியப் பழைய சந்தையில் வந்துகொண்டே இருக்கின்றன. முன்னது டிரான்சிஸ்டர், பின்னது வெளியீட்டில் 6சிஜி7 வால்வு. உள்ளே தனிப்பயன் சில்லு எதுவும் கிடையாது. ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் கண்ணுக்குத் தெரியும் அளவில், இடைவெளி விட்டு உட்கார்ந்திருக்கும். சர்க்யூட் படமும் புழக்கத்தில் இருக்கிறது. பழுதுபார்க்கப் பழக இதைவிட நல்ல இடம் இந்தத் துறையில் இல்லை.

ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நம் வீட்டில் 230. முதல் பலி இங்கேதான். பழைய எஸ்ஆர்எம் வகைகள் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பல டேப் (வெவ்வேறு மின்னழுத்தத்துக்கான இணைப்பு முனை) உண்டு. உள்ளே இணைப்பை மாற்றி 220 அல்லது 240-க்குக் கொண்டுவரலாம். வோல்ட்டேஜ் ஏறி இறங்கும் ஊரில் 240 டேப்தான் நிம்மதி. ஜப்பானுக்கென்றே விற்ற பிற்கால மாடல்களில் இந்த வசதி இல்லை. அவற்றுக்கு 230-100 ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. அதன் விலையையும் எடையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வந்ததும் நேராக பிளக்கில் சொருகாமல் சீரிஸ் போர்டில் பல்பு வழியாகக் கொடுங்கள். பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். மங்கி அடங்கினால் தொடரலாம். பல பத்தாண்டு பழைய எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களைச் சோதித்துக்கொண்டிருக்காமல் மொத்தமாக மாற்றிவிடுவதே என் வழக்கம். டி1-இல் வால்வைச் சுற்றிய இடத்தைப் பாருங்கள். பிளேட் ரெசிஸ்டர்களின் சூட்டில் போர்டு பழுப்பேறியிருக்கும், சால்டர் விரிசல் விட்டிருக்கும். ஒரு பக்கம் கரகரப்பதற்கும் சூடேறியதும் அடங்குவதற்கும் பாதிக் காரணம் இந்த விரிசல்கள்தான்.

பயஸை அளக்கும்போது ஒரு சூட்சுமம். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்ளீடு 10 மெகா ஓம். பயஸுக்கு முன்னால் இருப்பது 5 மெகா ஓம். சாக்கெட் முனையில் மீட்டரை வைத்தால் இரண்டும் சேர்ந்து பங்குபோட்டு 580-க்குப் பதில் 390 வோல்ட் அளவில் காட்டும். "பயஸ் செத்துவிட்டது" என்று நல்ல சப்ளையைப் பிரித்துப் போட்டவர்கள் உண்டு. ரெசிஸ்டருக்கு முன்புறம், பயஸ் சப்ளையின் கெப்பாசிட்டர் மேலேயே அளக்க வேண்டும். 1000 வோல்ட் தாங்கும் மீட்டரும் அதே தரத்தில் ஒயரும் இருந்தால் மட்டும்.

பிறகு அரை மணி நேரம் சூடேறவிட்டு, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட், + வெளியீட்டுக்கும் − வெளியீட்டுக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று பார்த்து டிரிம்பாட்டில் (போர்டில் திருகிச் சரிசெய்யும் சின்ன ரெசிஸ்டர்) பூஜ்யத்தை நோக்கிக் கொண்டுவர வேண்டும். சில வோல்ட் அலைவது இயல்பு. பத்துக் கணக்கில் விலகி நின்றால் டிரிம்பாட்டைத் திருகிக்கொண்டிருக்காதீர்கள். உள்ளே ஏதோ ஒரு டிரான்சிஸ்டரோ வால்வோ களைத்திருக்கிறது.

ஆம்பைப் பிரிக்கும் முன், குற்றவாளி ஆம்ப்தானா என்றும் பாருங்கள். இரு பக்கமும் ஒரே 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியைச் சின்ன அளவில் கொடுத்து வெளியீட்டை அளந்தால், இரண்டும் சமமாக இருக்கும்பட்சத்தில் கோளாறு ஹெட்ஃபோனில். ஈரப்பதத்தாலோ தூசியாலோ மின்கசிவு ஏற்பட்டு ஒரு பக்கம் மங்குவது சென்னை மாதிரி ஊரில் சாதாரணம். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் சில நாள் வைத்தாலே பல நேரம் திரும்பி வந்துவிடும்.

டி1-க்கு ஒரு மேம்பாடும் இருக்கிறது. பிளேட் ரெசிஸ்டர்களை எடுத்துவிட்டு, 10எம்90எஸ் என்ற 900 வோல்ட் மின்னோட்டக் கட்டுப்பாட்டுச் சில்லை வைத்து மின்னோட்டத்தை மாறாமல் வைக்கும் சுற்றுகள் போடுவது. ரெசிஸ்டர் தின்றுகொண்டிருந்த சிக்னல் மின்னோட்டம் ஹெட்ஃபோனுக்குப் போகும். மேலே சொன்ன அந்தச் சில மில்லியாம்பியர் இங்கே கிடைத்துவிடும். செலவு சொற்பம். புதிய ஆம்ப் கட்ட நினைப்பவர் இதைச் செய்து கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது.

மறைமுகச் செலவு: கப்பல் கட்டணம், சுங்கத் தீர்வை, படம் பார்த்து வாங்கும் அபாயம். "மின்சாரம் வருகிறது, மற்றதைச் சோதிக்கவில்லை" என்று விற்பவர் எழுதினால் பழுது என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

## இரண்டாம் வழி: டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி

ஸ்டாக்ஸ் எஸ்ஆர்டி-7 போன்றவை. ஸ்பீக்கர் ஆம்பின் வெளியீட்டை வாங்கி, டிரான்ஸ்ஃபார்மரால் உயர்த்திக் கொடுக்கும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 12 வாட் தரும் ஆம்பின் வெளியீடு சுமார் 10 வோல்ட். 1:25 விகிதத்தில் உயர்த்தினால் 250 வோல்ட். பெட்டிக்குள் பயஸுக்கான சின்னச் சுற்றைத் தவிரக் கெட்டுப்போக ஏதுமில்லை. பழுதுபார்க்கும் எளிமை மட்டும்தான் அளவுகோல் என்றால் இதுவே முதலிடம்.

ஆனால் இது தானாக ஒலிப்பதில்லை. பின்னால் இருக்கும் ஆம்பின் தரம்தான் இதன் தரம். இரு பக்கத்துக்கும் எர்த் பொதுவாக உள்ள பெட்டியில் பிரிட்ஜ் வகை ஆம்பை (வெளியீட்டின் இரு முனையிலும் சிக்னல் இருக்கும், எதுவும் எர்த் இல்லை) இணைத்தால் ஆம்ப் போய்விடும். இன்றைய சின்ன கிளாஸ் டி ஆம்புகளில் பெரும்பாலானவை அந்த வகைதான். இன்னொன்று, சில பழைய பெட்டிகளில் பயஸ் நேராக மெயின்ஸிலிருந்தே பெருக்கி எடுக்கப்படுகிறது, நடுவே தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல். மூடியைத் திறந்து வேலை செய்யுமுன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்தமாகச் செய்ய ஆசைப்படுபவர்கள் சாதாரண டொராய்டு மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரைத் தலைகீழாக மாட்டுவார்கள். எலெக்ட்ரோஸ்டேட்டிக் ஸ்பீக்கர் செய்பவர்களின் பழைய உத்தி. பலிக்கும், ஒரு எல்லை வரை. 50 ஹெர்ட்ஸில் 230 வோல்ட்டுக்குச் செய்த உள்ளகம் 20 ஹெர்ட்ஸில் 92 வோல்ட்டுக்கு மேல் நிறைவுற்று ஆழ்ந்த பேஸ் ஒலியைச் சிதைத்துவிடும். இரண்டைத் தொடராக மாட்டினால் 184. வீணை, குரல், நாகஸ்வரம் என்று கேட்பவருக்கு இது குறையே இல்லை. ஆர்கனோ மின்னணு இசையோ கேட்பவருக்குத் தெரியும்.

## மூன்றாம் வழி: டிரான்சிஸ்டரில் கட்டுவது

ஆம்ப் வடிவமைப்பாளர் கெவின் கில்மோர் வெளியிட்ட வடிவமைப்புகள்தான் இந்த உலகின் பொது மொழி. கேஜிஎஸ்எஸ்எச்வி, அதன் அடுத்த தலைமுறையான கார்பன் இரண்டும் ±400 முதல் ±450 வோல்ட்டில் ஓடுபவை. ஒழுங்காகக் கட்டிய கார்பனோடு கடையில் விற்கும் பெரிய விலை ஆம்புகளை ஒப்பிடவே தயங்குவேன். அவ்வளவு நல்ல வடிவமைப்பு.

சிக்கல் உதிரியில். கேஜிஎஸ்எஸ்எச்வி பயன்படுத்திய 2எஸ்சி4686ஏ, 2எஸ்ஏ1968 மாதிரியான உயர் மின்னழுத்த டிரான்சிஸ்டர்களின் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. அந்தப் பெயரில் இன்று மலிவாகக் கிடைப்பவற்றில் பல போலி. வேறு ஏதோ டிரான்சிஸ்டரின் முகத்தைத் தேய்த்து எண் அடித்தவை. மல்டிமீட்டரின் டையோடு சோதனையில் போலியும் தேறிவிடும். 400 வோல்ட் ஏறும்போதுதான் வெடிக்கும், பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். இன்று கட்டுபவர் கார்பனைத் தேர்ந்தெடுக்க முக்கியமான காரணமே இதுதான்: வெளியீட்டில் 1700 வோல்ட் தாங்கும் சிலிக்கன் கார்பைடு மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) இருக்கிறது, அதை மவுசர், டிஜிகீ மாதிரி அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்கலாம். உள்ளீட்டில் தோஷிபாவின் 2எஸ்கே389 நின்றுபோனாலும் எல்எஸ்கே389 அதன் இடத்தை நிரப்புகிறது. சென்னை ரிச்சி தெருவில் ஒயர், ஃபியூஸ், சுவிட்ச், திருகு எல்லாம் வாங்குங்கள். உற்பத்தி நின்ற செமிகண்டக்டரை மட்டும் எந்த ஊர்ச் சந்தையிலும் தேடி அலையாதீர்கள்.

ரெசிஸ்டர் மாதிரி அற்பப் பொருளும் இங்கே காலை வாரும். சாதாரண கால் வாட் ரெசிஸ்டர் தாங்குவது 250 வோல்ட் அளவுதான்; வாட் கணக்கு சரியாக வந்தாலும் வோல்ட் கணக்கில் போய்விடும். வடிவமைப்பில் இரண்டு ரெசிஸ்டர் தொடராக இருந்தால் அதற்குக் காரணம் உண்டு. ஒன்றாக்கிச் சிக்கனம் பிடிக்க வேண்டாம்.

வெப்பம்: ஒரு வெளியீட்டுக்கு 20 மில்லியாம்பியர், 900 வோல்ட், 18 வாட். நான்கு வெளியீடுகள், 72 வாட். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் இதே அளவு. வாட்டுக்கு 0.4 டிகிரி ஏறும் பெரிய ஹீட்சிங்க் போட்டாலும் 29 டிகிரி கூடும். மே மாதத்தில் 38 டிகிரி அறையில் அது 67 டிகிரி. அந்த ஹீட்சிங்குக்கும் 450 வோல்ட்டில் நிற்கும் டிரான்சிஸ்டர் தகட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு காப்புத் தகடு மட்டுமே. மைக்காவை விட்டுவிட்டுத் தடிமனான அலுமினா பீங்கான் தகட்டுக்குப் போங்கள். பெட்டியை எர்த் செய்யாமல் ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காதீர்கள்.

மறைமுகச் செலவு இந்த வழியில்தான் அதிகம். போர்டும் சில்லுகளும் வாங்கியதும் பாதி முடிந்தது என்று தோன்றும். சொல்லிச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர், ஹீட்சிங்க், பெட்டி, துளையிடும் கூலி எல்லாம் சேரும்போது பல நேரம் அவைதான் மின்னணுப் பொருட்களை மிஞ்சும்.

## நான்காம் வழி: ப்ளூ ஹவாய் மாதிரி வால்வு

இதுவும் கில்மோர் வடிவமைப்பே. முன்பகுதி டிரான்சிஸ்டர், வெளியீட்டில் நான்கு இஎல்34. உலகம் முழுக்க கிட்டார் ஆம்புகள் இந்த வால்வை நம்பியிருப்பதால் ஸ்லோவாக்கியாவின் ஜேஜே உட்படப் பலர் இன்றும் புதிதாகத் தயாரிக்கிறார்கள். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் வால்வு தயாரித்த காலமும் ஒன்று இருந்தது, அது போய்விட்டது. ஒரு நொடி ஷார்ட் ஆனால் டிரான்சிஸ்டர் செத்துவிடும், வால்வு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கெட்டாலும் பிடுங்கி வேறு சொருகலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே, கட்டத்தான் போகிறேன் என்று பிடிவாதமாக இருப்பவருக்கு இதைச் சொல்வேன்.

கவனிக்க வேண்டியது ஹீட்டர் சுற்று. இஎல்34-இல் கேத்தோடுக்கும் (எலெக்ட்ரானை உமிழும் முனை) ஹீட்டருக்கும் (அதைச் சூடாக்கும் இழை) நடுவே 100 வோல்ட்டுக்கு மேல் கூடாது. எனவே கேத்தோடு எந்த மின்னழுத்தத்தில் நிற்கிறதோ அதை ஒட்டியே ஹீட்டரும் நிற்க வேண்டும். 6.3 வோல்ட் ஒயர்தானே என்று தொட்டால், எர்த்தைப் பொறுத்து அது நூற்றுக்கணக்கான வோல்ட்டில் இருக்கக்கூடும். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுபவரிடம் இந்தக் காப்பைப் பற்றி எழுதியே கொடுங்கள். வெப்பம் ஹீட்டரோடு சேர்த்து 100 வாட்டைத் தொடும்.

## ஒரே பார்வையில்

| வழி | உள்ளே திறப்பது | உதிரி | வெப்பம் | யாருக்கு |
|---|---|---|---|---|
| பழைய ஸ்டாக்ஸ் | கவனத்தோடு முடியும் | எளிது | மிதம் | முதல்முறை பழுதுபார்ப்பவர் |
| டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி | எளிது, பயஸ் பகுதி தவிர | தேவையே குறைவு | இல்லை | நல்ல ஸ்பீக்கர் ஆம்ப் ஏற்கெனவே உள்ளவர் |
| கார்பன் | கடினம் | கிடைக்கும், கேஜிஎஸ்எஸ்எச்விக்குச் சிரமம் | 72 வாட் | உயர் மின்னழுத்த அனுபவம் உள்ளவர் |
| ப்ளூ ஹவாய் | கடினம் | வால்வு எளிது | சுமார் 100 வாட் | வால்வு ஆம்ப் கட்டிப் பழகியவர் |

## எதை எடுப்பது

வீட்டில் ஓரளவு நல்ல ஸ்பீக்கர் ஆம்ப் இருக்கிறது, அது பிரிட்ஜ் வகை இல்லை என்றால் பெட்டியோடு தொடங்குங்கள். சால்டரிங் தெரியும், ஆனால் 50 வோல்ட்டுக்கு மேல் கை வைத்ததில்லை என்பவர் டி1 வாங்கிச் சரிசெய்யட்டும். பாதிப்பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள், நிற்பதில் தவறொன்றுமில்லை. 300 வோல்ட் ஆம்பில் சிகரம் தொடும் இடங்களில் எஸ்ஆர்-007 மாதிரி ஹெட்ஃபோன் திணறுவதைக் கேட்டவருக்குத்தான் மூன்றாம் நான்காம் வழிகள். முன்பு வால்வு ஆம்ப் கட்டியிருந்தால் ப்ளூ ஹவாய், இல்லையென்றால் கார்பன்.

எதை எடுத்தாலும் மேசைமேல் முதலில் வர வேண்டியது 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று, இரு முனையிலும் காப்பிட்ட கிளிப்போடு. 470 மைக்ரோஃபாரடை அது அரை நிமிடத்துக்குள் காலிசெய்துவிடும். ஸ்க்ரூடிரைவரால் தட்டி டிஸ்சார்ஜ் செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். காலிசெய்த பிறகும் மீட்டரில் பார்த்துவிட்டே கை வையுங்கள், ஒரு கை எப்போதும் பைக்குள். வீட்டில் தனியாக இருக்கும்போது மூடி திறந்த ஆம்பில் மின்சாரம் கொடுக்க வேண்டாம்.

தவழும் குழந்தை இருக்கும் வீட்டில், பூட்டி வைக்கத் தனி அறை இல்லையென்றால், நான்கு வழியையும் இப்போதைக்கு விடலாம். ஸ்டாக்ஸ் எஸ்ஆர்எம்-252எஸ் என்றொரு சின்னப் பெட்டி உண்டு. 12 வோல்ட் அடாப்டரில் ஓடும், 4 வாட்தான் இழுக்கும், 280 வோல்ட் தரும். மெயின்ஸ் அதற்குள் வருவதே இல்லை, ஆகவே ஜப்பானிலிருந்து வாங்கினாலும் 100 வோல்ட் தலைவலி கிடையாது. அடாப்டரை மட்டும் இங்கே மாற்றிக்கொள்ளலாம், பிளக்கில் எது ப்ளஸ் எது மைனஸ் என்று பார்த்துவிட்டு.